கோணல் பார்க்கப் போனோம்

இங்கிலாந்துக்கு எதற்குப் போனாய் என்று ஊரில் கேட்கிறார்கள். சுவர் பார்க்க என்று சொன்னால் நம்புவதில்லை. விசா ஆபீசில் இருந்த பெண்ணும் முதலில் நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை. ஒரு கிராமத்தில் சுவரெல்லாம் கோணலாக இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். போனேன், பார்த்தேன், வந்தேன்.

என் தொழில் பூச்சு. துபாய் அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப். இருபத்திரண்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் பொய் வேலை. பொய்ப் பாறை, பொய் மரம், பொய்யாகப் பழசான சுவர். ஓட்டல், மால், பண்ணை வீடு எல்லாவற்றுக்கும் செய்வோம். சிமெண்டில் மரம் செய்து, அதில் கரையான் அரித்த ஓட்டையும் போடுவோம். கரையானே வந்து ஏமாந்து போகும் என்று ரூமில் சொல்வார்கள்.

அல் ஐன் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஒரு அர்பாப் எங்களுக்கு வேலை கொடுத்தார். பெரிய முதலாளியை இங்கே அர்பாப் என்போம். அவர் வாலிபத்தில் இங்கிலாந்தில் படித்தவர். இரண்டு வருஷம் ஒரு கிராமத்தில், ஒரு பெரியவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாராம். அதே மாதிரி ஏழு வீடு பண்ணையில் வேண்டும், விருந்தாளிகள் தங்க. நிறையப் படம் கொடுத்தார். படத்தைப் பார்த்து நாங்கள் முதலில் மாதிரிச் சுவர் ஒன்று செய்தோம். பத்தடி நீளம். ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே கொஞ்சம் கூரை.

வந்தார். பார்த்தார். "மாஃபி" என்றார். இல்லை, வேண்டாம், சரியில்லை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

இரண்டாவது செய்தோம். அதற்கும் மாஃபி.

மூன்றாவதுக்குக் கொஞ்ச நேரம் நின்றார். எங்களிடம் இந்தியில் பேசுவார். "சின்னப் பொண்ணு கிழவி வேஷம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் இன்ஜினியர் சார் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறார். அன்று சாயங்காலம் அந்தச் சுவர் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ண்ணா, என்னதான் தப்பு இதுல?"

"தெரியல சார்."

"கோணல் பத்தலீங்களா?"

"போட்டாச்சு சார். இதுக்கு மேல கோணினா விழுந்துரும்."

அவர் சிரிக்கவில்லை. "நாலாவதும் மாஃபின்னா வேலை வேற கம்பெனிக்குப் போயிருமுங்க. நம்ம பன்னெண்டு பேர்ல ஆறு பேர்த்துக்கு டிக்கெட்டு. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

டிக்கெட் என்றால் ஊருக்கு. திரும்பி வருவது கிடையாது. எந்த ஆறு பேர் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் ஒரே கேம்ப். அதில் எட்டுப் பேர் நான் சொல்லி வந்தவர்கள்.

இரண்டு நாள் கழித்து அர்பாப் ஆபீசுக்குப் போன் செய்தார். படம் பார்த்துச் செய்தது போதும், கரண்டி பிடிக்கிறவனை அங்கே அனுப்பு, என் செலவு என்றார். எனக்கு இங்கிலீஷ் வராது. எட்டாவதோடு நின்றவன். அதனால் சாரும் கூட வந்தார்.

விசா வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எதற்குப் போகிறீர்கள் என்ற இடத்தில் பழைய சுவர் பார்க்க என்று சார் எழுதினார். அங்கே இருந்த பெண் என் கையைப் பார்த்தாள். சிமெண்ட் தின்ற கை. அதைப் பார்த்துத்தான் நம்பியிருப்பாள் என்று சார் சொன்னார்.

ஏர்போர்ட்டில் என் கைப்பையை நிறுத்தினார்கள். உள்ளே தூக்குக்குண்டு. பித்தளைக் குண்டு, மேலே நூல். சுவர் நேராக நிற்கிறதா என்று தொங்கவிட்டுப் பார்ப்பது. கனமாக இருக்கவும் ஆபீசர் ஒரு மாதிரிப் பார்த்தார். சார் விளக்கினார். ஆபீசர் நூலைப் பிடித்துத் தன் மேஜை ஓரமாகத் தொங்கவிட்டார். என்னைப் பார்த்து, சரியா என்று கண்ணால் கேட்டார்.

"மேஜைக்குக் கால் ஒண்ணு குட்டை" என்றேன்.

சார் அதை மொழிபெயர்க்கவில்லை. குண்டைக் கையில் கொண்டுபோகக் கூடாது, விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அங்கே இறங்கி, வாடகைக் கார் எடுத்து, சார் இரண்டு மணி நேரம் ஓட்டினார். மே மாதம். அங்கே அதுதான் வெயில் காலமாம். நான் ரூமில் எல்லோரிடமும் வாங்கிய மூன்று ஸ்வெட்டரையும் போட்டிருந்தேன்.

ஊர்ப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. ஊருக்கு வெளியே காரை விட்டோம். உள்ளே தெரு குறுகல். ஒரு கார் வந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கல் சுவர், கல் வீடு, கல் கூரை. எல்லாம் வெல்லம் மாதிரி ஒரே நிறம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆளே இல்லை. எங்கேயோ ஆடு கத்தியது.

"செட்டு போட்டாப்பல இருக்குதுங்ண்ணா" என்றார் சார்.

நான் முதல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை நடுவில் தொய்ந்திருந்தது. புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஜன்னல் நாலும் நாலு உயரம்.

எங்கள் வேலையில் ஸ்நாக் என்று ஒன்று உண்டு. கட்டிடம் முடிந்ததும் கன்சல்டன்ட் ஆள் வந்து குறை பார்ப்பான். எங்கெல்லாம் குறையோ அங்கெல்லாம் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவான். சாருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது.

"கூரை தொய்வு. ஒரு ஸ்டிக்கர்" என்றார்.

"ஜன்னல் மட்டம் இல்ல" என்றேன்.

"ஸ்டிக்கர்."

"கதவு நிலை உசரம் பத்தாது. ஆள் குனியணும்."

"ரெண்டு ஸ்டிக்கர். ஏனுங்ண்ணா, இந்த ஊரை நாம ஹேண்ட்ஓவர் வாங்கோணும்னா ஸ்டிக்கர் ஒரு லாரி வேணும்."

தெரு முனை வரை இப்படியே போனோம். தபால் பெட்டி சாய்ந்திருந்தது, ஸ்டிக்கர். ஒரு வீட்டுச் சுவர் வயிறு தள்ளியிருந்தது, ஸ்டிக்கர். சர்ச் கோபுரம் மட்டும் நேராக இருந்தது. அதற்கும் ஒன்று ஒட்டலாம், மற்றதோடு ஒத்துப்போகவில்லை என்றார் சார்.

அர்பாப் இருந்த வீட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று தேடினோம். கண்டுபிடித்தோம். யாரோ வாங்கி முழுசாகப் புதுசாக்கியிருந்தார்கள். கல்லை எல்லாம் கழுவி, இடுக்கை எல்லாம் புதுக் கலவையால் அடைத்து, கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்து, பளபளவென்று இருந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம்.

"இது நம்ம மூணாவது சாம்பிளாட்டவே இருக்குதுங்ண்ணா."

"ஆமா சார்."

"போட்டோ எடுத்து அர்பாபுக்கு அனுப்பிரட்டுங்களா? ஒரிஜினலே இப்படித்தான்னு."

ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. ஆறு டிக்கெட் அதோடு நின்றுவிடும். ஆனால் அவர் கேட்டது இதை இல்லை. அவர் மனதில் இருக்கிற வீடு வேறு. அது இப்போது அவர் மனதில் மட்டும்தான் இருக்கிறது.

"வேணாம் சார். அனுப்பாதீங்க."

சார் போனைப் பைக்குள் வைத்தார்.

அதன்பிறகு நான் மெதுவாக நடந்தேன். சாரைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது எனக்கு. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்றேன். கூரைக் கல்லைப் பார்த்தேன். கீழ் வரிசையில் பெரிய கல். மேலே போகப் போகச் சின்னது. உச்சியில் உள்ளங்கை அளவு. படத்தில் இதை நான் பார்க்கவே இல்லை. எங்கள் சுவரில் கூரைக் கல் முழுவதும் ஒரே ரப்பர் அச்சில் எடுத்தது. எல்லாம் ஒரே சைஸ்.

ஓலை மாதிரி எதையோ தடிமனாக வேய்ந்து, மேலே கம்பி வலை போட்ட வீடு ஒன்று இருந்தது. வாசலில் பெரிய கார்.

"கூரை வீட்டுக்காரனுக்கு காரைப் பாருங்ண்ணா" என்றார் சார்.

சர்ச்சுக்குள் போனோம். வாசல்படி ஒரே கல். தேய்ந்து குழிந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். குழி நடுவில் இல்லை. இடப்பக்கம். கதவைப் பார்த்தேன். கீல் வலப்பக்கம். கதவைத் தள்ளினால் இடப்பக்கம்தான் திறக்கும். ஆள் அந்தப் பக்கமாகத்தான் கால் வைப்பான். எத்தனையோ பேர் அப்படியே வைத்திருக்கிறார்கள். எங்கள் படியை நாங்கள் நட்ட நடுவில் தேய்த்திருந்தோம். மிஷின் வைத்து, அழகாக, இரண்டு பக்கமும் சமமாக.

நாற்பது தடவையாவது அந்தப் படியில் ஏறி இறங்கியிருப்பேன். சார் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பிள்ளை போனில் இங்கிலீஷில் கேட்டது. சார் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "அந்த அங்கிள் எதுக்குப் படியில வெளையாடுறாருன்னு கேக்கறானுங்க."

வெளியே வந்தோம். தூறல் நின்று வெயில் வந்தது. வயிறு தள்ளிய சுவர் வீட்டுக்குத் திரும்பப் போனேன். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தேன். அந்தச் சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பிடித்தேன். நாலு விரல் தள்ளியிருந்தது.

கதவு திறந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபது வயது இருக்கும், கையில் செடி வெட்டுகிற கத்திரியோடு வந்தார். என்னையும் குண்டையும் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"பஞ்சாயத்து ஆபீசுல இருந்து வந்திருக்கீங்களான்னு கேக்கறாங்க" என்றார் சார்.

"இல்லன்னு சொல்லுங்க."

சார் நீளமாகச் சொன்னார். துபாய், பாலைவனம், ஏழு வீடு, எல்லாம். அந்த அம்மா கத்திரியைக் கீழே இறக்கினார். சிரித்தார். மறுபடி கேட்டார்.

"அங்க மழையே பேயாதே, இத்தனை சரிவுக் கூரை எதுக்குன்னு கேக்கறாங்க."

"அதைத்தான் நானும் கேக்கறேன்னு சொல்லுங்க சார்."

அந்த அம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. சுவர் வயிறு தள்ளியது எதனால் என்று கேட்கச் சொன்னேன். மேலே கையைக் காட்டினார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய். அது எட்டு வருஷம் ஒழுகியதாம். இவர்களும் சரி செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் சரி செய்யவில்லை. யார் குழாய் என்று சண்டை. தண்ணீர் உள்ளே இறங்கி, கலவையைக் கரைத்து, சுவர் மெல்ல வெளியே வந்துவிட்டது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கத்தியது.

"அவங்க வீட்டுக்காரருங்க" என்றார் சார். "பக்கத்து வீட்டுக்காரன் குழாய்தான், நல்லா எழுதிக்கச் சொல்லுன்னு கத்தறாரு. பஞ்சாயத்து இன்னும் தீரலையாட்ட இருக்குது."

அந்த அம்மா கண்ணை மேலே உருட்டினார். உள்ளே போய் இரண்டு குவளையில் டீ கொண்டுவந்தார். வாசலில் நின்றே குடித்தோம். சப்பென்று இருந்தது. சூடாக இருந்தது, அது போதும்.

குடித்து முடித்துக் குவளையைப் படியில் வைத்தேன். கதவு நிலைக் கல் பக்கத்தில் இருந்தது. சும்மாதான் குண்டைத் தொங்கவிட்டேன். நூல் மேலே எவ்வளவு விலகியதோ அவ்வளவே கீழேயும் விலகியிருந்தது. ஒரு நூல் பிசகு இல்லை.

என் கை ஆடியிருக்கும் என்று நினைத்து மறுபடி விட்டேன். நேர்.

அந்தப் பக்க நிலைக் கல்லுக்கும் விட்டேன். நேர். வீட்டு மூலைக்கு விட்டேன். நேர். அந்த அம்மாவிடம் கையால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அதற்கும் கூரை தொய்வு. அதன் மூலையும் நேர். புகைபோக்கி சாய்ந்த முதல் வீட்டில் ஒரு பக்கம் மண்ணில் இறங்கியிருந்தது, மறுபக்கம் நேர்.

"என்னங்ண்ணா?" என்றார் சார்.

"நேராக் கட்டியிருக்கான் சார்."

"யாருங்க?"

"கட்டுனவன்."

நான் அதுவரை நினைத்தது வேறு. அந்தக் காலத்து ஆள், மட்டம் தெரியாது, கைக்கு வந்தபடி கட்டிவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் என் சுவரையும் கட்டினேன். ஆரம்பத்திலேயே கோணல். அவன் அப்படி இல்லை. அவனும் குண்டு விட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு கண்ணை மூடியிருக்கிறான். பிறகு மழை வந்தது, குழாய் ஒழுகியது, மரம் தொய்ந்தது, மண் இறங்கியது. அதெல்லாம் அவன் செய்ததில்லை. அவன் கையால் செய்தது நேர்.

அதைச் சாரிடம் அப்போது சொல்லத் தெரியவில்லை. "பசிக்குது சார்" என்றேன்.

ஊரில் ஒரே சாப்பாட்டுக் கடை. சாராயமும் அங்கேயே. உள்ளே நுழையும்போது குறுக்கு மரத்தில் என் நெற்றி இடித்தது. உள்ளே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் கை தட்டினார்கள். எல்லோருக்கும் முதல் தடவை இடிக்குமாம். மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு இடம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. இடிக்காமல் இருக்கக் கை வைத்துப் பிடித்துக் குனிகிற இடம். அதையும் விரலால் அளந்துகொண்டேன். சார் பீர் குடித்தார். நான் உருளைக்கிழங்கு தின்றேன்.

ரூம் குரூப்பில் வாய்ஸ் போட்டேன். ஊர் பார்த்தேன், திங்கட்கிழமை வேலை ஆரம்பம், எல்லாம் தப்பு, முதலிலிருந்து என்று. பதில் வரிசையாக வந்தது. குளிர் எப்படி என்று ஒருத்தன். எங்கள் ஸ்வெட்டர் பத்திரமா என்று ஒருத்தன். வெள்ளைக்காரி டீ போட்டுக் கொடுத்தாளாமே என்று ஒருத்தன். அதற்குள் சார் சொல்லியிருக்கிறார்.

மறுநாளும் அதே ஊரில் நடந்தோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை. தெரு மொத்தமே அரை மணி நேர நடைதான். அந்த அம்மா வேலிக்கு மேலே கை ஆட்டினார். கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே வந்தார். குழாய் அவருடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அல் கூஸுக்கு வந்து மூன்றாவது சுவரை உடைத்தோம். நாலாவதை நேராகக் கட்டினோம். குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, பள்ளிக்கூடம் கட்டுகிற மாதிரி. ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நேராகக் கட்டி முடித்த பிறகு எல்லோரையும் உட்காரவைத்தேன்.

"இந்தச் சுவர்ல எது கெட்டுப்போனாலும் காரணம் இருக்கணும். காரணம் சொல்லாம ஒருத்தனும் கரண்டி எடுக்கக் கூடாது."

பிறகு ஒரே கூத்து. மாட்டு வண்டி திரும்பும்போது முனையில் இடித்தது என்று ஒருத்தன் சொன்னான். மாட்டு வண்டி இல்லை, குதிரை வண்டி என்று ஒருத்தன் திருத்தினான். குதிரை வண்டி அச்சு எவ்வளவு உயரம் என்று சண்டை வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைக் கறை வேண்டும் என்று ஒருத்தன்.

"அங்க வெத்தலை கெடையாதுடா."

"அப்ப என்னத்தத் துப்புவாங்க?"

"துப்ப மாட்டாங்க."

"பாவம்" என்றான்.

நாய் உரசுகிற இடம், சைக்கிள் சாத்துகிற இடம், கதவு திறக்கும்போது கை படுகிற இடம் என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். கூரைக் கல்லுக்கு அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே வெட்டினோம். படியை இடப்பக்கம் தேய்த்தோம். பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளித்தோம், நிழல் விழுகிற பக்கம் மட்டும்.

எனக்கென்று ஒரு வேலை வைத்துக்கொண்டேன். ஜன்னல் மூலையிலிருந்து கீழே இறங்குகிற ஒரு விரிசல். ஜன்னல் கட்டை ஈரத்தில் ஊதிச் சுவரைத் தள்ளியதால் வந்தது. அந்த விரிசல் ஒன்றுக்கு மட்டும் இரண்டு நாள். மேலே முடி அளவு, நடுவில் விரல் நுழையும், கீழே மறுபடி முடி. என் தொழிலில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை.

சுவர் முடிந்தது, திங்கட்கிழமை காலை அர்பாப் வருகிறார். ஞாயிறு லீவு. நான் கேம்ப்பில் துணி துவைத்தேன்.

எங்கள் ஆட்களில் ஒருத்தன் திருநெல்வேலிக்காரன். இரண்டு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தான். கை சுத்தமான பூச்சுக்காரன். ஞாயிறு மத்தியானம் வந்து இறங்கினான். ஏர்போர்ட்டிலிருந்து வந்த வேன் அவனை ஒர்க்‌ஷாப்பில் இறக்கியது, ரூம் சாவி வாங்க. அவன் யார்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்திருக்கிறான். நாளைக்கு அர்பாப் வருகிறார் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். பிறகு ரூமுக்கு வந்தவன் அசதியில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான்.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது சுவர் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, என்ன இப்படி விட்டுட்டீய? சன்னலுக்குக் கீழ சுவரு வெடிச்சிருந்துச்சுல்லா. அர்பாப் பாத்தா என்ன நெனைப்பாரு? நல்லவேளை நான் வந்தேன். பூசி விட்டுட்டேன்."

பார்த்தேன். என் விரிசல் இல்லை. அந்த இடத்தில் தோசை அளவுக்குச் சாம்பல் நிறச் சிமெண்ட் ஒட்டு. ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி. ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் பிசிறு.

"எப்பப் போட்டே?"

"நேத்து மத்தியானமே. நல்லா எறுகிருச்சு. இனி அசையாது அண்ணாச்சி."

சார் வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். மற்ற ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கொத்தி எடுக்கலாமா என்று ஒருத்தன் உளியோடு வந்தான். எடுத்தால் பக்கத்துக் கல் எல்லாம் சேர்ந்து வரும். வேண்டாம் என்றேன். அதற்குள் கேட்டில் கார் சத்தம்.

திருநெல்வேலிக்காரனுக்கு அப்போதுதான் ஏதோ தப்பு என்று தெரிந்தது. முகம் சின்னதாகிவிட்டது.

அர்பாப் இறங்கினார். முதலில் தூரத்தில் நின்று பார்த்தார். மாஃபி வரவில்லை. கிட்டே வந்தார். கூரையைப் பார்த்தார். முனையைத் தொட்டார். படியில் கால் வைத்தார், இடப்பக்கம். கதவைத் திறந்தார், மூடினார். பிறகு ஜன்னல் பக்கம் வந்தார். ஒட்டைப் பார்த்தார்.

சாரோடு சேர்த்து நாங்கள் பதிமூன்று பேர் நின்றோம்.

விரலால் ஒட்டைத் தடவினார். அந்தப் பிசிறு ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"இதைச் செய்தது யார்?" என்றார்.

சார் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "எங்க ஆள்தான் அர்பாப். விரிசல் பார்த்தான், அடைச்சான்."

அவர் திரும்பவில்லை. ஒட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள் குலுங்கியது. முதலில் எனக்குப் புரியவில்லை. சிரிக்கிறார்.

"நான் இருந்த வீட்டுப் பெரியவர்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாளியோடு வந்துவிடுவார். எங்கே விரிசல் கண்டாலும் சிமெண்ட். அவர் சம்சாரம் திட்டுவாள், வீட்டையே அசிங்கம் பண்ணிட்டீங்கன்னு. அவர் கேட்கவே மாட்டார்." மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கலர்கூட இதே கலர்."

பிறகு சாரிடம் திரும்பினார். "ஏழு வீட்டிலும் இது வேண்டும்."

"யெஸ் சார்" என்றார் சார், அவர் முடிப்பதற்குள்.

"வேண்டாம் அர்பாப்" என்றேன்.

சார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஏன்?" என்றார் அர்பாப்.

"ஏழு வீட்லயும் இருந்தா அது கம்பெனி போட்ட ஒட்டு. ஒரு ஊர்ல ஒருத்தன்தான் உடனே பூசுவான். ஒருத்தன் நாளைக்குன்னு விடுவான். இன்னொருத்தன், பக்கத்து வீட்டுக்காரன் பூசட்டும்னு சண்டை போட்டுக்கிட்டு இருப்பான்."

அவ்வளவு இந்தி நான் ஒரே மூச்சில் பேசியதே இல்லை.

"அப்போ எந்த வீட்டில்?"

"நாலாவது."

"ஏன் நாலாவது?"

"அந்த வீட்டு ஆள் அப்படிப்பட்டவன்."

"கலாஸ்" என்றார் அர்பாப், முடிந்தது என்று. சார் நீட்டிய பேப்பரில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கார் போனது. யாருக்கும் டிக்கெட் இல்லை. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கொஞ்சம் கோபம் வந்து, "எனக்கு நெஞ்சு நின்னு போச்சுங்ண்ணா, இனிமே முன்னாலயே சொல்லிட்டுப் பேசுங்க" என்றார்.

திருநெல்வேலிக்காரன் மட்டும் தள்ளி நின்றான். மற்றவர்கள் அவனுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, என் மேல கோவமா?"

"இல்ல. நாலாம் நம்பர் வீட்டுக்கு இதே மாதிரி ஒட்டு நீதான் போடணும்."

"கேலி பண்ணாதீய."

"கேலி இல்ல."

கொஞ்சம் யோசித்தான். முகம் தெளிந்தது. "அப்பம் இதை விட நல்லாப் போடுதேன். இது அவசரத்துல போட்டது அண்ணாச்சி, ஓரம் சரியில்ல."

"அந்த ஓரம் அப்படியே வரணும்."

"சரியில்லாமயா?"

"சரியில்லாமத்தான்."

"அது எப்படி அண்ணாச்சி முடியும்?"

இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். பண்ணையில் மூன்றாம் வீடு முடியப்போகிறது.